தங்கச்சி விவாகரத்து விஷயம்: மதுரையில நல்ல வக்கீல் தெரியுமா?

அக்காமாரே, அண்ணன்மாரே, ஒரு உதவி. நாங்க திருமங்கலம் பக்கம். திருப்பூருக்கு வேலைக்குப் போன தங்கச்சி மாப்பிள்ளை மூணு வருஷமா வீட்டுப் பக்கமே வரல, போனும் எடுக்கறதில்ல. கல்யாணப் பத்திரிகை, போட்டோ, அவர் அடகு வச்ச நகை ரசீது எல்லாத்தையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில போட்டுச் சுமந்துக்கிட்டுத் திரியுறா.

1955 இந்து திருமணச் சட்டம் 13-வது பிரிவுல, தொடர்ந்து 2 வருஷம் கைவிட்டிருந்தா விவாகரத்து கேக்கலாம்னு இருக்கு. மனைவி தான் குடியிருக்கிற ஊர்லயே வழக்குப் போடவும் வழி இருக்கு. ஆனா நாங்க பார்த்த ஒரு வக்கீல், "திருப்பூர்லதான் போடணும்"னு சொல்லி முன்பணம் கேட்டார். அதோட எழுந்து வந்துட்டோம்.

பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் வச்சுத் தர்ற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமா யாராவது வழக்கு நடத்தியிருக்கீங்களா? முதல் நாள் என்னென்ன காகிதம் கேட்டாங்க? பெண் வக்கீல்னா இவ கொஞ்சம் வாய் தொறந்து பேசுவா. இன்பாக்ஸ்ல சொன்னாலும் சரி.