புதுப்பிப்பு: பென் டிரைவ் பாட்டுகளின் சத்தம் ஒரு வழியாகச் சமமானது

கேசட்டிலிருந்து மாற்றிய பழைய பாட்டுகள் முணுமுணுக்கின்றன, அடுத்து வரும் புதுப்பாட்டு காதைப் பிளக்கிறது, காரில் ஓயாமல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கிறது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஃபூபார்2000 என்ற கணினி மியூசிக் பிளேயரில், பாட்டுகளின் சத்தத்தைச் சமமாக்கும் ரீப்ளேகெயின் வசதியைப் போட்டேன். கணினியில் அருமை. காரில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த முறை கோப்பில் ஒரு குறிப்பை மட்டும்தான் எழுதும். அதைப் படித்துச் சத்தத்தைச் சரிசெய்ய வேண்டியது பிளேயர். என் கார் பிளேயர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

வேலைக்கு ஆனது எம்பி3கெயின் என்ற மென்பொருள்தான். அது கோப்பிலுள்ள ஒலி அளவையே 1.5 டெசிபல் படிகளாக மாற்றுகிறது. பாட்டை மறுபடி என்கோடு செய்வதில்லை (அதாவது, புதிதாகச் சுருக்கி எழுதுவதில்லை), அதனால் தரம் குறையாது. பாட்டுகள் எட்ட வேண்டிய சத்த அளவை வழக்கமான 89 டெசிபலிலேயே விட்டேன். புதுப்பாட்டுகள் அடங்கின. பழையவை கொஞ்சம் ஏறின, கூடவே கேசட்டின் 'ஸ்ஸ்' இரைச்சலும் ஏறியது! அதற்கு மருந்தில்லை, பழகிக்கொண்டேன்.

எதிர்பாராத ஒன்று: சில பாட்டுகள் மட்டும் அப்படியே அலறின. பார்த்தால் எல்லாம் எம்பி3 அல்லாத எம்4ஏ வகைக் கோப்புகள். அவற்றுக்கு, அந்த வகையையும் கையாளும் ஏஏசிகெயின் என்ற மென்பொருள் தேவைப்பட்டது.

அப்புறம், ஒரு பாட்டு மெதுவாக முடிந்து அடுத்தது அதிலிருந்தே தொடங்கும் ஆல்பங்களுக்கு, எல்லாப் பாட்டுகளையும் ஒரே அளவில் கூட்டிக் குறைக்கும் 'ஆல்பம்' முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக மாற்றும் 'டிராக்' முறையில் செய்து ஓர் ஆல்பத்தைக் கெடுத்தேன். நல்லவேளை, பழைய நிலைக்குத் திரும்பும் வசதி இருந்தது.