தற்காப்பில் ஆடியவர் நல்ல பயிற்றுநர் ஆக முடியுமா?

பட்டர்வொர்த் 5:
வணக்கம். பாகான் டாலாமில் எங்கள் வட்டாரக் காற்பந்து அணிக்கு ஸ்டாப்பராக, அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரராக, ஆடி வந்தேன். முட்டி தேய்ந்துவிட்டது, இனி ஆட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆசை. கோல் அடித்துப் பெயர் எடுத்தவர் சொன்னால்தான் பிள்ளைகள் கேட்பார்கள் என்கிறார்கள் நண்பர்கள். பயிற்றுநருக்கான டி லைசன்ஸ் எடுக்கலாமா?

செந்தூல் அண்ணன்:
தாராளமாக எடுங்கள் தம்பி. நானும் ஸ்டாப்பர்தான், இப்போது 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். தற்காப்பில் நிற்பவருக்குத்தான் மொத்தத் திடலும் கண்முன் இருக்கும். யார் இடம் மாறி நிற்கிறார், எப்போது வரிசையாக மேலே ஏறி எதிரணியை ஆஃப்சைடில் மாட்ட வைப்பது என்று ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கிறோமே, அதில் பாதி பயிற்றுநர் வேலை.

ஜெர்மனியின் பெக்கன்பவரைப் பாருங்கள். 1974-இல் தற்காப்பில் நின்று கேப்டனாக உலகக் கிண்ணம் வென்றார், 1990-இல் பயிற்றுநராக வென்றார். ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் வென்ற மற்ற இருவர், பிரேசிலின் ஜகாலோவும் பிரான்சின் டெஷாம்ப்ஸும், தற்காப்பு ஆட்டக்காரர்கள் இல்லை.

பயிற்றுநர் ராஜகோபாலின் கீழ் 2010 சுசுகி கிண்ணத்தில், அதாவது தென்கிழக்காசியக் கிண்ணத்தில், ஆடிய நம் மலேசிய அணியை நான் அடிக்கடி நினைப்பேன். முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 5-1 தோல்வி. அதன்பின் தாய்லாந்து, லாவோஸ், வியட்நாமுடன் இரண்டு ஆட்டங்கள், புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவுடன் இறுதியின் முதல் ஆட்டம், இந்த ஐந்திலும் சேர்த்து நாம் விட்டது ஒரே ஒரு கோல். ஜகார்த்தாவில் இறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் 2-1 தோற்றும் இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 4-2 வெற்றி. தாக்குதல் ஆட்டக்காரர் சாஃபியின் கோல்களைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். பின்வரிசையைச் சரிசெய்ததுதான் எனக்குப் பெரிய விஷயம்.

ஒன்று மட்டும் கவனம். நம்மைப் போன்றவர்களுக்கு ஆபத்து என்றாலே "வெளியே அடி!" என்றுதான் வாய் வரும். சின்னப் பிள்ளைகளிடம் அது வேண்டவே வேண்டாம். பக்கத்துக்கு நாலு பேராக ஆடவிடுங்கள், பந்தோடு ஓடட்டும், பறிகொடுக்கட்டும். எல்லாரையும் எல்லா இடத்திலும் நிறுத்துங்கள்.

ஜெலுத்தோங் வாசி:
அண்ணன் சொன்னது சரி. லைசன்ஸ் டி-யில் தொடங்கி சி, பி, ஏ, புரோ என்று போகும். வகுப்பு எப்போது என்று பினாங்கு காற்பந்துச் சங்கத்தில் கேளுங்கள்.

பட்டர்வொர்த் 5:
நன்றி அண்ணே. முட்டி இப்படி இருக்க, செய்து காட்டச் சொன்னால் என்ன செய்வது?

செந்தூல் அண்ணன்:
நன்றாகச் செய்யும் பிள்ளையைக் கூப்பிட்டுச் செய்து காட்டச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். மற்றப் பிள்ளைகள் உங்களைவிட அவனைத்தான் உன்னிப்பாகப் பார்ப்பார்கள்.