கல்லூரி நூலகர் ஊருக்குள் என்ன செய்யலாம்? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பெருந்துறை_நூலகி:
எல்லோருக்கும் வணக்கங்க. பெருந்துறைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். கோஹா என்ற நூலக மென்பொருளில் புத்தகம் ஏற்றுவது, செமஸ்டர் முடிவில் நோ டியூ கையெழுத்து, கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் தரும் நாக் குழு வருகிறது என்றால் மாதக்கணக்கில் ஃபைல், இதுதான் வேலை. படித்தபோது நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் ஐந்து விதிகளை மனப்பாடம் செய்தோம், "ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல்" என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினோம், அதோடு சரி.

சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றால் இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் காதில் விழும். கல்லூரிக்குள் பர்கூர் மலையிலிருந்து வரும், வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த வருடம் பார்வையில்லாத மாணவர் ஒருவர் பி.ஏ. சேர்ந்திருக்கிறார். இவர்கள் யாருக்கும் என் நூலகத்தில் ஒன்றுமில்லை என்பது உறுத்துகிறது.

அமெரிக்க நூலகச் சங்கம் சிறுபான்மைப் பின்னணியில் இருந்து வருபவர்கள் நூலகர் ஆவதற்கென்றே 1997 முதல் ஸ்பெக்ட்ரம் உதவித்தொகை தருகிறது, அங்கே நூலகங்களில் வாக்காளர் பதிவுகூட நடக்கிறது. நம் பக்கம் பன்முகத்தன்மை, குடிமைப் பங்கேற்பு என்று நூலகர்கள் சேர்ந்து வேலை செய்ய என்ன வாய்ப்பு இருக்கிறது? பயிற்சி, நிதி எங்கே கேட்பது? நிர்வாகத்தில் கேட்டால் "அரசியல் எல்லாம் வேண்டாம்மா" என்கிறார்கள்.

லைன்வீட்டு_வாசகன்:
அக்கா, நான் திருப்பூரில் கிளை நூலகம் ஒன்றில் இருக்கிறேன். பயிற்சி, சான்றிதழ் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று பாருங்கள். எங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு என்பதால் வடக்கிலிருந்து வந்த பையன்கள் அன்றைக்குத்தான் வெளியே வருவார்கள். வந்து செய்தித்தாள் மேசையில் படம் பார்ப்பார்கள், பத்து நிமிஷத்தில் போய்விடுவார்கள். உறுப்பினராகச் சேரச் சொன்னால் ஆதாரை நீட்டுவார்கள், அதில் பாலசோர் முகவரி இருக்கும், இங்கே தங்கியிருப்பதற்கு ஒரு காகிதமும் இருக்காது. வீட்டு ஓனர் எழுதித் தர மாட்டார். எங்கள் வாசகர் வட்டத்தில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார், அவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கொஞ்சம் பேரைச் சேர்க்க முடிந்தது.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சொத்து வரியோடு பத்து சதவீதம் நூலக வரி வசூலாகிறது. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தால்தான் இந்த வரியே. வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விடும் லைன் வீட்டு ஓனர் அதைத் தன் பையிலிருந்தா கட்டுகிறார்? வாடகையில் ஏற்றிவிடுகிறார். ஆக ஒடிசாப் பையனும் நூலகத்துக்குப் பணம் கட்டுகிறவன்தான். அவனுக்குத் தர்மம் செய்கிற மாதிரி யாரும் பேச வேண்டியதில்லை.

புத்தகத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் குழந்தைக் கதைகள் இந்தி, ஒடியா, வங்காளம், கன்னடம் என்று ஏகப்பட்ட மொழிகளில் இலவசமாக இருக்கின்றன. அச்சிட்டுக் கொள்ளவும் அனுமதி உண்டு. ஒரே கதையைத் தமிழிலும் ஒடியாவிலும் பிரின்ட் எடுத்து ஸ்டேப்ளர் அடித்து வைத்தேன். பெரியவர்கள் எடுத்தது அதைத்தான், தமிழ் கற்றுக்கொள்ள! கடைப் பலகை படிக்க வேண்டும், பஸ் போர்டு படிக்க வேண்டும், அதற்காக.

மலையோரக்_காது:
பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பார்வை கிடையாது, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்துத்தான் இந்தத் திரியையே படிக்கிறேன். அந்த மாணவருக்காகச் சொல்கிறேன், தயவுசெய்து பிரெய்ல் புத்தகம் இரண்டு வாங்கி அலமாரியில் வைத்துப் போட்டோ எடுத்து முடித்துவிடாதீர்கள். முதலில் அவருக்கு பிரெய்ல் வருமா என்று கேளுங்கள். பலருக்கு வராது, போன்தான் எல்லாம்.

ஒரு கணினியில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரைப் போடுங்கள், இலவசம், தமிழையும் வாசிக்கும். அடுத்தது பாடநூல். உங்கள் ஊழியர்கள் ஸ்கேன் செய்து தரும் பிடிஎஃப் வெறும் படம், எனக்கு அது வெற்றுத்தாள். படத்திலுள்ள எழுத்தை அறியும் எழுத்துணரி மென்பொருள் வழியாக எழுத்தாக மாற்றி, ஒரு ஆள் உட்கார்ந்து பிழை திருத்த வேண்டும். 'ழ'வும் 'ள'வும் மாறிப்போய் வாசிக்கும்போது சிரிப்பு வரும், தேர்வுக்கு முந்தின நாள் என்றால் அழுகை வரும். காப்புரிமைக்குப் பயப்பட வேண்டாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக லாப நோக்கமில்லாமல் இப்படி மாற்றித் தரச் சட்டமே அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கு நூல்களை இப்படி மாற்றித் தருவதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் முதலில் ஏற்ற நாடும் நாம்தான். சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் அவரை உறுப்பினராக்குங்கள், ஏற்கெனவே மாற்றிய நூல்கள் அங்கே கிடைக்கும். இதைத் தேடித் தருவதே ஒரு நூலகரின் முழுநேர வேலை, தனியாக "பன்முகத்தன்மைக் கமிட்டி" எதுவும் வேண்டாம்.

கோபி_பழைய_ஆள்:
அம்மணி, நான் ஓய்வு பெற்றவன். கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபித்துக் கொள்ளாதே. ஊர்ப்புற நூலகத்தில் ஒரே ஆள் இருப்பார். கூட்டுவது, திறப்பது, பேப்பர் அடுக்குவது, மாதக் கணக்கு எழுதுவது எல்லாம் அவரே. அவரிடம் போய்க் குடிமைப் பங்கேற்பு என்றால் அவர் என்ன செய்வார்? உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான ஐஃப்ளாவும் யுனெஸ்கோவும் 2022-ல் புதுப்பித்த பொது நூலக அறிக்கையில் வயது, மொழி, பால், சமூகநிலை பாராமல் எல்லோருக்கும் சேவை என்று அழகாக எழுதியிருக்கிறது. ஆள் போடுவது யார்?

ஆனால் உனக்கு ஆள் இருக்கிறார்கள், என்எஸ்எஸ் பிள்ளைகள்! வருடா வருடம் ஏழு நாள் முகாம் என்று ஒரு ஊருக்குப் போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்துவிட்டு வருகிறார்கள் இல்லையா. அந்த ஊரில் ஊராட்சி நூலகம் என்று ஒரு சின்னக் கட்டடம் இருக்கும், 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டியது. அது நூலகத் துறையில் வராது, ஊராட்சிக்குச் சொந்தம். பாதி இடங்களில் பூட்டுத்தான் தொங்கும், சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். முகாமில் அதைத் திறந்து, தூசி தட்டி, புத்தகத்தைப் பட்டியலிட்டுக் கொடு. அதற்கப்புறம்தான் முக்கியம். கிராம சபையில் ஊர்க்காரர்களே மனு கொடுத்து, தினமும் திறக்க ஆள் வேண்டும் என்று தீர்மானம் போட வைக்க வேண்டும். இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மனுவை நீ எழுதாதே, அவர்களை எழுத வை. எங்கள் பக்கம் ஒரு ஊரில் வாத்தியார் ஒருவர் தானே எழுதிக் கொடுத்தார், அவர் மாற்றலாகிப் போன அன்றோடு பூட்டும் திரும்ப வந்துவிட்டது.

பெருந்துறை_நூலகி:
ஐயா, கோபம் எல்லாம் இல்லைங்க, இந்தச் சாவி விஷயம் எங்கள் முகாம் ஊருக்கு அப்படியே பொருந்தும். பிழை திருத்துவதற்குத் தமிழ்த்துறைப் பிள்ளைகளைக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் நிர்வாகத்தை எப்படிச் சம்மதிக்க வைப்பது? வாக்காளர் பதிவு செய்யலாமா, கூடாதா?

லைன்வீட்டு_வாசகன்:
நிர்வாகத்துக்கு அவர்கள் பாஷையிலேயே பேசுங்கள் அக்கா. நீங்கள் நிரப்பிய நாக் கையேட்டில் மூன்றாவது அளவுகோலில் விரிவாக்கப் பணி, ஏழாவதில் மாற்றுத்திறனாளி வசதியும் எல்லோரையும் உள்ளடக்குவதும் இருக்கிறதே. நூலகம் நாலாவதில் மட்டும்தான் என்று யார் சொன்னது? இந்த இரண்டையும் காட்டினால் கல்லூரி முதல்வரே நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்.

வாக்காளர் பதிவு தாராளமாகச் செய்யலாம், மாணவர்களுக்கு. முன்பு ஜனவரி 1 அன்று 18 ஆகியிருக்க வேண்டும், இப்போது ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் கணக்கு. 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுக்கலாம். கட்சிக்காரர் யாரையும் மேடையில் ஏற்றாதீர்கள், தேர்தல் பிரிவு அலுவலரைக் கூப்பிடுங்கள். வெளிமாநிலத் தொழிலாளர் பெயரை எந்த ஊர்ப் பட்டியலில் சேர்ப்பது என்பதில் மட்டும் நீங்கள் தலையிட வேண்டாம், அதற்கு அலுவலர் இருக்கிறார். அவர்களுக்கு வேறு உதவி இருக்கிறது, ஊர் ரேஷன் கார்டை வைத்தே இங்கே அரிசி வாங்கலாம் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் பதிவும் இலவசம். இந்தியில் ஒரு தாள் அடித்து வாசலில் ஒட்டினாலே போதும்.

தகவல் உரிமைச் சட்டத்துக்கும் ஒரு மணி நேர வகுப்பு வையுங்கள். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, முப்பது நாளில் பதில் கேட்கும் மனு எழுதப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். முதல் மனுவே முகாம் ஊர் நூலகத்துக்கு வாங்கிய புத்தகங்களின் பட்டியல் கேட்டு இருக்கட்டும்.

நிதி என்றால் கொல்கத்தாவில் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை இருக்கிறது, மாற்றுத்திறனாளி, பெண்கள், முதியோர் பிரிவுகளுக்கும் உதவி தருகிறார்கள், ஆனால் அது பொது நூலகங்களுக்கு. கல்லூரி நேராகக் கேட்க முடியாது. அதனால் உங்கள் ஊர்க் கிளை நூலகத்து வாசகர் வட்டத்தில் சேருங்கள், ஆயிரம் ரூபாய் கட்டினால் புரவலரும் ஆகலாம். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா வரும்போது பாதி மாவட்ட நூலகர்கள் அங்கேதான் இருப்போம், நேரில் பேசிக்கொள்ளலாம். வரும்போது அந்த மாணவரையும் அழைத்து வாருங்கள், என்ன வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.

மலையோரக்_காது:
நானும் வருகிறேன். கூட்டத்தில் வழி சொல்ல ஒருவர் வேண்டும், அதை மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள்.