சி-130 ஃபோம் மாடல்: முழு த்ராட்டிலில் 4-வது மோட்டார் நிற்கிறது

வணக்கம். ரிமோட்டில் பறக்கும் சி-130 சரக்கு விமான மாடல் இது. 1600 மிமீ இறக்கை, நான்கு மோட்டார், 4எஸ் 5000 (நான்கு செல், 5000 எம்ஏஎச்) பேட்டரி, மோட்டாருக்கு ஒரு 30 ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி). பறப்பது கோவைப் பக்கம், புல்தரையில். பொங்கலுக்குப் பிறகுதான் இந்தத் தொல்லை.

முழு த்ராட்டில் கொடுத்த சில நொடிகளில் வலது ஓர மோட்டார் (4-வது) திக்கி நின்றுவிடுகிறது, மூக்கு வலப்புறம் இழுக்கிறது. பாதிக்குக் குறைத்தால் மறுபடி ஓடுகிறது. டேக்-ஆஃபில் இது ஆபத்து, அதனால் பறப்பதை நிறுத்திவிட்டேன்.

மோட்டாரையும் ஈஎஸ்சியையும் 1-வதோடு மாற்றிப் பார்த்தாச்சு. கோளாறு 4-வது இடத்திலேயே நிற்கிறது. த்ராட்டில் காலிபரேஷன், புது சிக்னல் ஒயர், இறக்கை மூட்டில் புது எக்ஸ்டி30 கனெக்டர், எதுவும் பயனில்லை. ஈஎஸ்சியின் கட்-ஆஃப் வோல்டேஜைக் (வோல்டேஜ் இதற்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்திவிடும்) குறைத்தால் கொஞ்சம் தாமதமாக நிற்கிறது, அவ்வளவுதான்.

மூட்டிலிருந்து ஈஎஸ்சி வரை மீட்டர் வைத்தேன். 15 ஆம்பில் மற்ற மூன்றிலும் இழப்பு 0.2 வோல்ட், இதில் 0.4-இல் தொடங்கி, சூடேற ஏற 1.5 வரை போகிறது. 3, 4 மோட்டார்களுக்கு நடுவே ஃபோம் தொட்டால் வெதுவெதுப்பு, லேசாக அமுங்குகிறது. உள்ளே சால்டர் இணைப்பு போயிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இறக்கையைத் தாங்கும் கார்பன் குழாய் அதை ஒட்டியே ஓடுகிறது.

இறக்கையின் பலம் குறையாமல் இருக்க, அடிப்பக்கம் ஃபோமைக் கீறி இணைப்பைச் சரிசெய்வதா, பழையதை விட்டுவிட்டுப் புது ஒயரை வெளியே பள்ளம் வெட்டிப் பதிப்பதா?