பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து மனசைப் பேசியவர்கள்: அனுபவப் பகிர்வு

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து, தையல் வேலை செய்யும் ஓர் அம்மா:

நாங்கள் இருப்பது டவுனுக்கு மேலே, ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகளில். நடுவில் பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் இருமினால் இங்கே கேட்கும், சண்டை என்றால் சொல்லவே வேண்டாம். ஆனால் காலையில் குழாயடியில் சந்திக்கும்போது யாரும் எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டோம். அப்படி இருப்பதுதான் மரியாதை என்று பழகிவிட்டோம்.

2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது எங்கள் வரிசையில் நிம்மதியான வீடு ஒன்றுகூட இல்லை. கொழும்பில் கடைகளில் நின்ற பிள்ளைகள் வேலை போய்த் திரும்பி வந்தார்கள். கிழமைக்குக் கிழமை லோன் கட்ட வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் அவளோடு சேர்ந்து கையெழுத்துப் போட்ட மற்றவர்கள் கட்ட வேண்டும். காசு வாங்க வருகிறவர் வாசலில் உட்கார்ந்தால் எழும்ப மாட்டார். எனக்கு நித்திரை போய்விட்டது. நெஞ்சு படபடவென்று அடிக்கும். சோறு இறங்காது. பிரஷராக இருக்கும் என்று மருந்து எடுக்கப் போனேன், பிரஷர் சரியாகத்தான் இருந்தது.

அப்போதுதான், வீடு வீடாக வந்து தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்கும் குடும்பநல மாது, "நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம், வாங்க" என்றார். பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். குழு என்றால் கடைசியில் கையெழுத்துக் கேட்பார்கள் என்ற பயம். இன்னும் சிலருக்கு, மனசு சரியில்லை என்று வாய் திறந்தால் அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு. அதனால் அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்: பெயர் எழுத மாட்டோம், கையெழுத்து இல்லை, பேசப் பிடிக்காதவர்கள் சும்மா இருக்கலாம், கேட்காமல் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது, இங்கே பேசியது வெளியே போகக்கூடாது.

ஞாயிறு பின்னேரம் முன்பள்ளி அறையில், பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் உட்காருவோம். ஆரம்பத்தில் பேச்செல்லாம் ஸ்கூல் சப்பாத்து, அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணப் பட்டியலில் யார் பெயர் விடுபட்டது என்பதாகவே போனது. அதில் தப்பில்லை, அதுவும் மனசை அரிக்கிற விஷயம்தானே. ஒருநாள் என் பக்கத்து அறைத் தங்கச்சி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ராத்திரியில நீங்க அழுறது எனக்குக் கேக்கும் அக்கா. கதவத் தட்டலாமா வேணாமான்னு எழும்பி நிப்பேன், அப்புறம் படுத்துருவேன்." அவள் கையில் இருந்த பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. எனக்கு வெட்கமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன், வரவில்லை. கேட்டுக்கொண்டு ஓர் ஆள் விழித்திருந்தது என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

இப்போது என் அழுகை கேட்டால் பலகையைத் தட்டுவாள், நானும் தட்டுவேன். லோன்காரர் வரும் நாளில் அந்த வீட்டு வாசலில் எங்களில் இரண்டு பேர் போய் உட்காருவோம். கடன் குறையவில்லை. ஆனால் வருகிறவரின் சத்தம் குறைந்திருக்கிறது.

நாவலப்பிட்டியிலிருந்து, ஆட்டோ ஓட்டுபவர்:

அக்கா, ஆம்பளைகளைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் பக்கம் நடந்த கூட்டத்துக்கு வந்ததெல்லாம் பொம்பளைகள். லீசிங் காசு கட்ட முடியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டு, பின்னேரம் கசிப்புச் சாராயத்தில் இறங்குவது நாங்கள். கூட்டமோ எங்கள் ஹயர் நேரத்தில்! அப்புறம் மரண உதவிச் சங்கக் கூட்டம் முடிந்த கையோடு அரை மணித்தியாலம் வைத்தார்கள். சங்கத்துக்கு எப்படியும் வருவோம், எழும்பிப் போக ஒரு மாதிரியாக இருக்கும், இருந்துவிட்டோம். மூச்சை வயிறு வரைக்கும் இழுத்து மெதுவாக விடச் சொன்னார்கள். இதென்ன வேலை என்று தோன்றியது உண்மை. இன்றைக்கு வீட்டுக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தினால், எஞ்சினை அணைத்துவிட்டு அப்படிக் கொஞ்ச நேரம் மூச்சு விட்ட பிறகுதான் உள்ளே போகிறேன். அப்பா வந்தால் சின்னவள் இப்போது ஒளிவதில்லை.

கண்டியிலிருந்து ஒரு சகோதரி:

எனக்குக் குழு சரிப்பட்டு வரவில்லை. மாமியாரின் சொந்தக்காரி ஒருவரும் அதில் இருந்தார். நான் சொன்னது இரண்டாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டது, அதற்குப் பிறகு பட்டபாட்டை எழுத விருப்பமில்லை. ஆஸ்பத்திரி உளநல கிளினிக்குக்குத் தனியாகப் போய், டொக்டர் தந்த மருந்தால்தான் தேறினேன். குழு நல்லதுதான், ஆனால் எல்லாருக்கும் அதுவே மருந்து என்று தள்ளாதீர்கள்.

தலவாக்கலையிலிருந்து, சமூக உளநல வேலை செய்பவர்:

கண்டிச் சகோதரி சொன்னது ரொம்ப முக்கியம். இரகசியம் ஒருமுறை உடைந்தால் அந்தக் குழு முடிந்தது.

டொக்டர் இல்லாமல் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து பேசி என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கென்றே ஒரு முறையை வகுத்திருக்கிறது: கிழமைக்கு ஒன்றாக ஐந்து சந்திப்புகள். நாவலப்பிட்டி அண்ணன் சொன்ன அந்த மூச்சு, தீர்க்கக்கூடிய பிரச்சினையைப் பிரித்தெடுத்துத் துண்டு துண்டாகக் கையாள்வது, விட்டுப்போன வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்குவது, உதவி கேட்கக்கூடிய ஆட்களைத் தேடிக்கொள்வது. இவ்வளவுதான். நடத்துபவருக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டும், பட்டம் வேண்டியதில்லை. பாகிஸ்தானின் ஸ்வாத் பகுதியில் 612 பெண்களிடம் இதைச் செய்து பார்த்து 2019 இல் முடிவை வெளியிட்டார்கள், பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. சிம்பாப்வேயின் ஹராரே நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் 2006 இலிருந்து பாட்டிமார் வாங்கில் உட்கார்ந்து இப்படிக் கேட்கிறார்கள். அங்கே பேசியவர்கள் பிறகு குழுவாகச் சேர்ந்து, பை பின்னிக்கொண்டே ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறார்கள். கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும், இங்கேயும் அதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எல்லை இருக்கிறது. செத்துவிடலாம் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் அடுத்த ஞாயிறு வரைக்கும் காத்திருக்கக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இலங்கையின் தேசிய உளநல உதவி இலக்கமான 1926 க்கு 24 மணிநேரமும் கோல் எடுக்கலாம். அந்த ஆளைத் தனியே விட வேண்டாம்.

ஹட்டன் அம்மா மறுபடியும்:

கண்டித் தங்கச்சி, உங்களுக்கு நடந்தது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் இடத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இல்லை, அவர்களின் நெருங்கிய சொந்தமும் இல்லை. யாரோடு உட்கார விருப்பமில்லை என்று மாது முதலிலேயே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டார். அதைச் செய்யாமல் யாரும் தொடங்க வேண்டாம்.

அடுத்ததாக, மகள் வெளிநாட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மாயிமாருக்கு ஒன்று தொடங்கப் போகிறோம். அவர்களுக்கு ஞாயிறு பின்னேரம் சரிவராது, மகள் கோல் எடுக்கிற நேரம் அது. சனிக்கிழமைக்கு முன்பள்ளிச் சாவியைக் கேட்டிருக்கிறோம்.