இமாம் பசந்த் மா 8 வருஷமாகியும் சரியாகக் காய்க்கவில்லை, கல்டார் ஊற்றலாமா?

நத்தம் தோட்டம்:
வணக்கம். நத்தம் பக்கம் செம்மண்ணில் 12 இமாம் பசந்த் ஒட்டுக்கன்று வைத்து 8 வருஷம் ஆகிவிட்டது. மரம் நன்றாகக் குடை பிடித்து நிற்கிறது, இலை கருகருவென்று இருக்கிறது, ஆனால் போன தையில் நாலு மரத்தில்தான் பூ, கடைசியில் நின்றது முப்பது காய் இருந்தால் அதிகம். வரப்போரத்து நீலம் மாமரம் மட்டும் வருஷம் தவறாமல் காய்த்துக் கொட்டுகிறது. ஆளாளுக்குக் கல்டார் (துளிர் வளர்ச்சியை அடக்கிப் பூக்க வைக்க மரத்தடி மண்ணில் ஊற்றுகிற மருந்து) ஊற்றச் சொல்கிறார்கள்.

செம்மண்காரன்:
நீலத்தோடு ஒப்பிடாதீர்கள். அது வருஷாவருஷம் காய்க்கிற ஜாதி, அதனால்தான் அதைத் தசேரி மாவோடு கலந்து மல்லிகா ரகத்தை உருவாக்கினார்கள். இமாம் பசந்த் கஞ்சன், ஒரு வருஷம் கொடுத்தால் மறுவருஷம் கையை மடக்கிக்கொள்ளும். ஆனால் அந்த இலைக் கருமையைப் பார்த்தால் தண்ணீரும் யூரியாவும் அதிகம் போல. தண்ணீரை எப்போது நிறுத்துகிறீர்கள்?

நத்தம் தோட்டம்:
நிறுத்துவதே இல்லை அண்ணா. தென்னைக்குப் போகிற சொட்டுநீர் லைன்தான் மாவுக்கும்.

செம்மண்காரன்:
அட, அங்கேதான் இருக்கிறது விஷயம். பூ எடுக்கும் முன் இரண்டு மூன்று மாசம் மரம் காய வேண்டும். ஐப்பசி மழை நம் கையில் இல்லை, அதற்கு மேல் நாமும் தண்ணீர் விட்டால் கொழுந்துதான் வரும், பூ வராது. பிஞ்சு பட்டாணி அளவு வந்தபிறகு திறந்துவிடுங்கள். உரத்தை அறுவடை முடிந்த கையோடு வையுங்கள், அப்போதே உள்ளே வெயில் விழுகிற மாதிரி கிளை கழித்துக் காவாத்தும் செய்துவிடுங்கள்.

மாந்தோப்பு அக்கா:
கல்டார் ஊற்றுகிறவர்கள் புரட்டாசி வாக்கில் ஈர மண்ணில், மரக்குடையின் விட்டம் மீட்டருக்கு 3 மில்லி என்று கணக்குப் போட்டு ஊற்றுவார்கள். எங்கள் பக்கத்துத் தோப்புக்காரர் அதிகம் ஊற்றினால் அதிகம் காய்க்கும் என்று ஊற்றினார், அடுத்த துளிர் எல்லாம் கணு நெருங்கிக் குட்டையாகக் கொத்துக்கொத்தாக வந்தது. மண்ணில் சீக்கிரம் கரைந்து போகிற மருந்தில்லை அது. 12 மரத்துக்கு வேண்டாம் தம்பி. பூ வரும்போது தத்துப்பூச்சியையும் சாம்பல் நோயையும் பாருங்கள். சாம்பலுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மொட்டாக இருக்கும்போதே அடித்துவிட வேண்டும். பூ விரிந்தபின் பூச்சிமருந்தைத் தொடாதீர்கள், ஈயையும் தேனீயையும் விரட்டிவிட்டால் அப்புறம் யார் காய் பிடிக்க வைப்பது?

நத்தம் தோட்டம்:
சரி அக்கா, கல்டார் இல்லை. இந்த வாரமே மா வரிசைக்குத் தனி வால்வு வைத்துவிடுகிறேன், தென்னையைக் காயப்போட முடியாதே.