டென்ட்டுக்குள்ள தண்ணி, நாளைக்கு கிளம்பணும், அவசரம்!!

நனைஞ்சகோழி:
மக்களே டென்ட்ல தண்ணி வருது. புது டென்ட் தான். நேத்து டெஸ்ட் பண்ணலாம்னு அதுல படுத்தோம், ராத்திரி முழுக்க மழை, காலைல எந்திரிச்சா ஸ்லீப்பிங் பேக் கால் பக்கம் சொதசொதன்னு இருக்கு. நாளைக்கு காலைல கிளம்பணும், நாலு நாள் நடை. யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

சேத்துக்கால்:
எந்த மலை? ஒரு லேயரா ரெண்டு லேயரா? மேலருந்து சொட்டுதா கீழருந்து ஊறுதா? ஸ்லீப்பிங் பேக் உள்ள இறகா ஃபைபரா? ஒண்ணுமே சொல்லலயே

மலைக்காக்கா:
இதை இங்க நூறு தடவ எழுதியாச்சு, தேடிப் பாக்குற பழக்கமே யாருக்கும் இல்ல. தம்பி அது மழையே இல்ல, உங்க மூச்சு. ஜிப்பெல்லாம் இழுத்து மூடிட்டு ரெண்டு பேர் படுத்தா ஆவி துணில பட்டு தண்ணியாகும். கால் போய் அதுல இடிக்கும். ஜன்னலைத் திறந்து வைங்க.

தையல்மெஷின்:
புதுசுன்னாலும் தையல்ல சீலன்ட் (ஓட்டையை அடைக்கிற பசை) தடவாம அனுப்பிடுறானுங்க. ஒரு ட்யூப் வாங்கி தடவுங்க, முடிஞ்சது.

நனைஞ்சகோழி:
சாரி சாரி. மணாலில இருக்கோம், ஹம்ப்டா பாஸ் (கணவாய்) போறோம், ஜோப்ரால ஏறி சத்ருல இறங்குறது. ரெண்டு லேயர், இறகு பேக். மேல காஞ்சு தான் இருந்துச்சு, தரை தான் ஈரம். அடில நீல தார்ப்பாய் வேற போட்டிருந்தோம், ஷூ வைக்கலாம்னு வெளிய ஒரு அடி நீட்டி

சேத்துக்கால்:
அந்த ஒரு அடி தான்யா வில்லன்!! வெளிய நீட்டுற தார்ப்பாய்ல விழுற மழை அப்படியே டென்ட்டுக்கு அடில ஓடி குளம் கட்டும், நீங்க மேல படுத்து அமுக்கினா தரைத்துணி வழியா ஊறும். தார்ப்பாய் டென்ட் தரையை விட நாலு விரக்கடை சின்னதா இருக்கணும், உள்பக்கமா மடிச்சு விடுங்க. முக்கியமா அந்த பேக்கைத் தூக்கிட்டு போகாதீங்க. இறகு நனைஞ்சா கட்டி கட்டியா சுருங்கிரும், சூடே நிக்காது. பாஸ் கிட்டத்தட்ட 4,270 மீட்டர், விளையாட்டில்ல. மணாலில வாடகைக்கு கிடைக்கும், ஃபைபர் பேக் எடுங்க. நிறைய மழை வழில சிக்கா, பாலு கா கேரா கேம்ப்ல தங்குற ரெண்டு ராத்திரி தான், பாஸைத் தாண்டி லாஹௌல் பக்கம் இறங்கிட்டா மழை மறைவு, ரொம்ப கம்மி.

மலைக்காக்கா:
அந்தக் காலத்துல நாங்க டென்ட்டைச் சுத்தி வாய்க்கால் வெட்டுவோம், ஒரு சொட்டு வராது.

பச்சைப்புல்:
வெட்டாதீங்க! அந்த புல்தரையை வெட்டினா அடுத்த மழைக்கு மண்ணு அரிச்சுட்டு போயிரும். மேடா பாத்து போட்டாலே போதும்.

மலைக்காக்கா:
ஒரு சாண் வாய்க்கால்ல இமயமலை கரைஞ்சிருமாக்கும்.

பச்சைப்புல்:
சீசனுக்கு எத்தன டென்ட் வருதுன்னு எண்ணிப் பாருங்க சார், நீங்க ஒருத்தர் மட்டுமா வெட்டுறீங்க?

தையல்மெஷின்:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு, பையோட ரெயின் கவரை நம்பாதீங்க, முதுகுப் பக்கமா தண்ணி இறங்கும். உள்ள தடியான குப்பைப் பை போட்டு அதுக்குள்ள துணியை வைங்க. ராத்திரி போடுற சாக்ஸை பகல்ல தொடவே கூடாது.

ஊட்டிக்குடை:
போஞ்சோவா ஜாக்கெட்டா? நான் குடை தான், சிரிக்கிறவன் சிரிச்சுக்கட்டும்

மலைக்காக்கா:
பாஸ்ல காத்து குடையோட சேத்து உங்களையும் தூக்கிட்டு போகும்.

(ஆறு நாள் கழிச்சு)

நனைஞ்சகோழி:
வந்தாச்சு. தார்ப்பாயை மடிச்சு விட்டோம், தரை நனையல. ஷூ இன்னும் காயல. நன்றிண்ணே

சேத்துக்கால்:
சூப்பர். பேக் மாத்துனீங்களா?

மலைக்காக்கா:
ஜன்னலைத் திறந்து வச்சீங்களா இல்லயா, அதைச் சொல்லுங்க முதல்ல.